இரும்பு மறக்காது!



"ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு" என்று சங்கத் தோழர்கள் கேட்டபோது, "கவிதை எழுதட்டுமா?" என்றேன். "ஏற்கெனவே முப்பது கவிதை வந்திருக்கு. அதுல இருபத்தெட்டு காதல் தோல்வி. வேற ஏதாவது குடுப்பா" என்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் நான் விடுவதாக இல்லை. இந்தக் கட்டுரையும் ஒரு தோல்வியைப் பற்றியதுதான். காதல் தோல்வி அல்ல. ஒரு 12 மில்லிமீட்டர் கம்பியின் தோல்வி. கூடவே, அதன் எதிரில் வாயடைத்து நின்ற ஒரு டிப்ளமோ மாணவனின் தோல்வி. அந்த மாணவன் வேறு யாருமில்லை, அடியேன்தான்!

மாமா வீட்டு மொட்டை மாடி

நம் திருத்தணி மலையின் 365 படிகளையும் ஏறி, மேலே நின்று ஊரைப் பார்த்திருப்பீர்கள். தரிசனம் முடிந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டு பார்க்கும்போது கண்ணில் படுவது என்ன? வீடுகளின் மொட்டை மாடிகள். பல மாடிகளில் மூலைக்கு நாலு கம்பி வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும். 'இன்றைக்கு ஒரு தளம், பொண்ணு கல்யாணம் முடிஞ்சதும் இன்னொரு தளம்' என்று நினைத்து விட்டு வைத்த கம்பிகள். ஒவ்வொரு குடும்பத்தின் எதிர்கால ஆசையும் அங்கே கம்பியாக நிற்கிறது.

பள்ளிப்பட்டு போகும் சாலையில் என் மாமா வீட்டிலும் அப்படித்தான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் கீழ்த்தளம் கட்டியபோது விட்ட கம்பிகள். பிள்ளைகள் ஓடி விளையாடும்போது கண்ணில் குத்திவிடப் போகிறதே என்று அத்தை பயப்பட, யாரோ ஒருவர் இரும்புப் பைப்பைச் சொருகி எல்லாக் கம்பிகளையும் கைத்தடி போல மடக்கி விட்டார். அதில் துணி காயப் போட்டார்கள். மழையும் வெயிலும் பதினோரு வருஷம் அதன் மேல் விழுந்தது.

போன கோடை விடுமுறையில் மேல்தளம் ஆரம்பித்தார்கள். மேஸ்திரியின் ஆள் மறுபடி பைப்பைச் சொருகி மடங்கிய கம்பிகளை நிமிர்த்த ஆரம்பித்தார். முதல் கம்பி நிமிர்ந்தது. இரண்டாவதும் நிமிர்ந்தது. மூன்றாவது... 'டக்'! பைப்போடு ஆள் பின்னால் சாய்ந்தார். நல்லவேளை, கைப்பிடிச் சுவர் இருந்தது. கம்பி ஒடிந்து கையோடு வந்துவிட்டது.

"மட்டமான கம்பி சார். கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்" என்றார் மேஸ்திரி, பாதித் தமிழிலும் பாதித் தெலுங்கிலும்.

மாமா என் பக்கம் திரும்பினார். "இன்னா மாப்ள, நீ மெக்கானிக்கல்தானே படிக்கிற? இரும்பு இவ்ளோ தடியா இருக்கு, முருங்கைக் கொம்பு மாதிரி ஒடியுதே. ஏன்?"

தோழர்களே, மெட்டீரியல்ஸ் பேப்பரில் எனக்கு 71 மார்க். 'கோல்ட் ஒர்க்கிங் பற்றி எழுதுக' என்ற பத்து மார்க் கேள்விக்குப் படம் போட்டு, அடிக்கோடிட்டு எழுதியவன் நான். "அது வந்து மாமா... ஒர்க் ஹார்டனிங்..." என்று இழுத்தேன்.

"அப்படின்னா?"

அதற்கு மேல் என்னிடம் சரக்கு இல்லை. மேஸ்திரி சிரித்துக்கொண்டே, "தம்பி இன்னும் படிச்சு முடிக்கல சார்" என்று என்னைக் காப்பாற்றினார். அந்தச் சிரிப்புதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

உள்ளே நடப்பது என்ன?

ஒடிந்த துண்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். பிறகு புத்தகத்தை மார்க்குக்காக இல்லாமல், மாமாவுக்குப் பதில் சொல்வதற்காகப் படித்தேன். நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

இரும்பு என்பது ஒரே கட்டியல்ல. கண்ணுக்குத் தெரியாத லட்சோபலட்சம் மணிகள் ஒட்டிக்கொண்ட கூட்டம். கிரெய்ன் என்று படித்தோமே, அதுதான். ஒவ்வொரு மணிக்குள்ளும் அணுக்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. கம்பியை மடக்கினால் ஒரு வரிசை இன்னொரு வரிசையின் மேல் வழுக்க வேண்டும். முழு வரிசையும் ஒரே சமயத்தில் வழுக்குவதாக வைத்து 1926-ல் ஃபிரெங்கெல் என்ற ரஷ்ய விஞ்ஞானி கணக்குப் போட்டார். வந்த விடை, உண்மையில் உலோகம் வளைவதற்குத் தேவைப்படும் விசையைவிடப் பல மடங்கு அதிகம். கணக்குப்படி பார்த்தால் ஒரு குண்டூசியைக்கூட நம்மால் வளைக்க முடியாது!

இந்தப் புதிருக்கு 1934-ல் டெய்லர், ஓரோவான், போலான்யி என்ற மூன்று பேரும் தனித்தனியாக ஒரே விடையைச் சொன்னார்கள். அணு வரிசையில் ஆங்காங்கே பிசகு இருக்கிறது. அதுதான் டிஸ்லொகேஷன். வரிசை முழுவதும் ஒன்றாக நகர வேண்டியதில்லை. அந்தப் பிசகு மட்டும் ஓர் அடி, இன்னும் ஓர் அடி என்று நகர்ந்து போனால் போதும். கல்யாண மண்டபத்தில் விரித்த நீள ஜமுக்காளத்தை ஒரு முனையில் பிடித்து இழுத்துப் பாருங்கள், அசையாது. ஒரு சுருக்கத்தை உண்டாக்கி அந்தச் சுருக்கத்தைத் தள்ளிக்கொண்டே போங்கள், ஜமுக்காளம் தானாக நகர்ந்துவிடும். 'அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்' என்று நம் பாட்டிமார்கள் சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

சரி, பிசகு நகர்ந்தால் கம்பி வளைகிறது. பிறகு ஏன் கெட்டியாகிறது?

ஆடிக் கிருத்திகையை நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரண நாளில் படிகளில் பத்துப் பேர் ஏறுகிறார்கள். யாருக்கும் இடைஞ்சல் இல்லை. கிருத்திகையன்று அதே படியில் காவடிகள், குடும்பங்கள், கைக்குழந்தைகள். மேலே போகிறவர், கீழே வருகிறவர், குறுக்கே தண்ணீர் கொடுக்கிறவர். ஒருவர் காவடி இன்னொருவர் காவடியில் சிக்குகிறது. ஓர் அடி எடுத்து வைக்க முண்டியடிக்க வேண்டியிருக்கிறது. இரும்புக்குள்ளும் இதுதான் கதை. மடக்க மடக்கப் பிசகுகள் பெருகுகின்றன. நன்றாகச் சூடாக்கி மெல்ல ஆறவிட்ட உலோகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம் முதல் பத்துக் கோடி வரை இருக்கும் பிசகுகள், குளிர்ந்த நிலையில் நன்றாக அடித்து உருட்டிய உலோகத்தில் ஒரு லட்சம் கோடியைத் தொடுகின்றன! ஒன்றோடொன்று சிக்கி, ஒன்றையொன்று தடுக்கின்றன. மேற்கொண்டு வளைக்க அதிக விசை வேண்டும். இதுதான் ஒர்க் ஹார்டனிங். இந்த ஒரு வாக்கியத்தை அன்றைக்கு மாமாவிடம் சொல்லியிருந்தால் என் மானம் தப்பியிருக்கும்.

மைக்ரோஸ்கோப்பில் பிசகுகள் நமக்குத் தெரியாது. அதற்கு எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வேண்டும். 1956-ல்தான் கேம்பிரிட்ஜில் அதைக் கண்ணால் பார்த்தார்கள். ஆனால் மணிகளின் வடிவம் நம் லேப் மைக்ரோஸ்கோப்பிலேயே தெரியும். வளைக்காத கம்பியில் எல்லாப் பக்கமும் சமமாக இருக்கும் ஃபெரைட் மணிகள், இழுபட்ட இடத்தில் நீண்டு போகின்றன. அவற்றுக்கு நடுவே கோடு கோடாக இருக்கும் பெர்லைட்டும் அந்தத் திசைக்கே திரும்புகிறது.

முறுக்குக் கம்பியின் கதை

அப்படியானால் அடிப்பதும் முறுக்குவதும் கெட்டதா? அவசரப்பட்டு அந்த முடிவுக்கு வந்துவிடாதீர்கள்!

நம் அப்பா காலத்து வீடுகளில் போட்டது 'முறுக்குக் கம்பி'. டார் ஸ்டீல் என்பார்கள். 1960-களில் இந்தியாவுக்கு வந்து, டி.எம்.டி. கம்பி வரும்வரை ராஜாவாக இருந்தது. அதன் ரகசியமே நாம் மேலே பார்த்த நெரிசல்தான். வரி போட்ட கம்பியைச் சூடு காட்டாமல் இரண்டு முனையிலும் பிடித்து முறுக்கினார்கள். சாதாரண மைல்ட் ஸ்டீல் கம்பி 250 மெகாபாஸ்கல் அளவில் வளைந்து கொடுக்கும். முறுக்குக் கம்பி 415 வரை தாங்கியது. விலை உயர்ந்த உலோகம் எதையும் கலக்காமல், வெறும் முறுக்கால் வந்த பலம்! பழைய வீட்டை இடிக்கும் இடத்தில் போய்ப் பாருங்கள். கம்பியின் நீளவாக்கு வரிகள் கயிறு போலச் சுற்றிக்கொண்டு போனால் அது முறுக்குக் கம்பி. நேராக ஓடினால் டி.எம்.டி.

திருத்தணி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நின்று கீழே பாருங்கள். தண்டவாளத்துக்கு அடியில் இருக்கும் கான்கிரீட் ஸ்லீப்பருக்குள் இழுத்துக் கட்டிய மெல்லிய கம்பிகள் இருக்கின்றன. அச்சுத் துளை வழியாகக் குளிர்ந்த நிலையில் இழுத்து இழுத்தே பலம் ஏற்றிய கம்பிகள் அவை. சைக்கிள் ஸ்போக்கும் அப்படி இழுத்த கம்பிதான். ஆகவே இரும்பை அடிப்பது குற்றமில்லை. எவ்வளவு அடித்தோம், இன்னும் எவ்வளவு தாங்கும் என்ற கணக்கு தெரியாமல் அடிப்பதுதான் குற்றம்.

ஏனென்றால் இந்தப் பலம் இனாமாக வருவதில்லை. பலம் ஏற ஏற, நீண்டு கொடுக்கும் தன்மை குறைகிறது. ஐ.எஸ். 1786 தரநிலையைப் புரட்டிப் பாருங்கள். எஃப்.இ. 415 கம்பி ஒடிவதற்கு முன் குறைந்தது 14.5 சதவீதம் நீள வேண்டும், எஃப்.இ. 500 கம்பிக்கு 12 சதவீதம் போதும். அதனால்தான் 2008-ல் திருத்தியபோது 'டி' என்ற எழுத்தைச் சேர்த்து, 500 டி கம்பிக்கு 16 சதவீதம் வேண்டும் என்றார்கள். பூகம்பம் வந்தால் வீடு ஆடட்டும், கம்பி நீளட்டும், ஆனால் 'டக்'கென்று ஒடியக் கூடாது. ஒடிவதற்கு முன்னால் நீளுவது என்பது வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு ஓடித் தப்பக் கிடைக்கும் அவகாசம். மாமா வீட்டில் மூன்று குழந்தைகள் இருக்கிறார்கள். ஆகவே இது எனக்கு வெறும் சதவீதமாகத் தெரியவில்லை.

கம்பிக்கும் வயசாகும்

இப்போது அந்த மூன்றாவது கம்பிக்கு வருவோம். மடக்கியபோது ஒடியாதது, பதினோரு வருஷம் கழித்து நிமிர்த்தும்போது ஏன் ஒடிந்தது? புதிரின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

முதல் காரணம், மடக்கிய விதம். ஒரு சின்னக் கணக்குப் போடலாம். 12 மி.மீ. கம்பியை உள்பக்க ஆரம் 12 மி.மீ. வரும்படி மடக்கினால், கம்பியின் நடுக்கோட்டின் ஆரம் 18. வெளித்தோல் நடுக்கோட்டிலிருந்து 6 மி.மீ. தள்ளி இருக்கிறது. 6-ஐ 18-ஆல் வகுத்தால் மூன்றில் ஒரு பங்கு. அதாவது வெளித்தோல் 33 சதவீதம் இழுபடுகிறது, உள்தோல் அதே அளவு நசுங்குகிறது! ஐ.எஸ். 456 (2000-ம் ஆண்டுப் பதிப்பு) என்ன சொல்கிறது? ஒதுக்கி மடக்கி மறுபடி நிமிர்த்த வேண்டிய வரிக்கம்பி என்றால், எந்தக் கட்டத்திலும் வளைவின் ஆரம் கம்பி விட்டத்தின் 6 மடங்குக்குக் குறையக் கூடாது. 12 மி.மீ. கம்பிக்கு 72 மி.மீ. இப்போது வகுத்துப் பாருங்கள்: 6-ஐ 78-ஆல் வகுத்தால் 8 சதவீதம்கூட வராது. 33 எங்கே, 8 எங்கே! பைப்பைச் சொருகி மூலையில் நறுக்கென்று மடக்கியவர் இந்தக் கணக்கைப் போடவில்லை.

இரண்டாவது காரணம்தான் எனக்குப் பெரிய ஆச்சரியம். கம்பி சும்மா கிடந்தாலும் உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கிறது. இரும்பில் கரைந்திருக்கும் கார்பன், நைட்ரஜன் அணுக்கள் மிகச் சிறியவை. அவை மெல்ல மெல்ல ஊர்ந்து போய் அந்தப் பிசகுகளின் அருகே குடியேறி, அவற்றை நகரவிடாமல் பூட்டிவிடுகின்றன. மடக்கிய அன்றைக்கு நெரிசல் மட்டும்தான். நாளாக நாளாக நெரிசலில் நின்றவர்கள் அங்கேயே வீடு கட்டிக் குடியேறிவிட்ட மாதிரி! இதற்கு ஸ்ட்ரெய்ன் ஏஜிங் என்று பெயர். கம்பிக்கு வயசாகிறது. கெட்டிப்படுகிறது, நீளும் குணத்தை இழக்கிறது.

இது ஏதோ ஆராய்ச்சிக்கூடத்து விஷயம் என்று நினைக்காதீர்கள். ஐ.எஸ். 1786-ல் ரீபெண்ட் டெஸ்ட் என்று ஒன்று இருக்கிறதே, அதில் என்ன செய்கிறார்கள்? கம்பியை 135 டிகிரிக்கு வளைக்கிறார்கள். பிறகு கொதிக்கும் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டு ஆறவைக்கிறார்கள். அதன் பிறகுதான் 157.5 டிகிரிக்கு நிமிர்த்துகிறார்கள். அந்த வெந்நீர் எதற்கு என்று நான் கேட்டதே இல்லை. 'புரொசீஜர்' என்று மனப்பாடம் செய்து எழுதினேன், மார்க் வந்தது, மறந்தேன். வெந்நீர் எதற்கென்றால், வெளியில் மாதக்கணக்கில் நடக்கும் அந்த வயசாகிற வேலையை அரை மணி நேரத்தில் முடிப்பதற்கு! கம்பியைக் கிழவனாக்கி, அதன் பிறகும் நிமிர்கிறதா என்று பார்க்கிறார்கள். மாமா வீட்டு மொட்டை மாடியில் நடந்ததும் அதே ரீபெண்ட் டெஸ்ட்தான். வெந்நீருக்குப் பதில் பதினோரு கோடை வெயில். அதோடு மழையில் பிடித்த துரு, வரிகளின் அடியில் பள்ளம் பறித்து வைத்திருந்தது.

இன்னொரு விஷயம். விரிசல் வளைவின் வெளிப்பக்கத்தில்தான் ஆரம்பித்திருக்கும் என்று நினைத்தேன். துண்டைப் பார்த்தால் உள்பக்கத்தில், ஒரு வரியின் அடியில் ஆரம்பித்திருந்தது. யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். மடக்கும்போது நசுங்கிய உள்பக்கம், நிமிர்த்தும்போது இழுபடுகிறது. நசுங்கி, வயசாகி, துருப் பள்ளம் விழுந்த இடத்தைப் பிடித்து இழுத்தால் என்ன ஆகும்? 'டக்'!

ஆக, "மட்டமான கம்பி" என்று மேஸ்திரி சொன்னது உறுதியான தீர்ப்பு அல்ல. நல்ல கம்பியாகவே இருந்தாலும் இந்தக் கொடுமைக்குத் தாங்காமல் போயிருக்கலாம்.

சூடு காட்டினால் சரியாகிவிடுமா?

மீதிக் கம்பிகளைக் கேஸ் வெல்டிங் டார்ச்சால் பழுக்கக் காய்ச்சி நிமிர்த்தலாம் என்றார் மேஸ்திரி. அவரை நான் குறை சொல்லவில்லை. சூடு காட்டினால் இரும்பு இளகும் என்பது அவர் கை அனுபவத்தில் கண்ட உண்மை. நம் புத்தகமும் அதையே சொல்கிறது. போதுமான சூட்டில் நசுங்கிய மணிகள் மறைந்து புதிய மணிகள் பிறக்கின்றன; நெரிசல் தீர்கிறது. ரீகிரிஸ்டலைசேஷன். வயர் இழுக்கும் ஆலைகளில் நடுநடுவே இப்படிச் சூடு காட்டித்தான் மேற்கொண்டு இழுக்கிறார்கள்.

ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. பழைய முறுக்குக் கம்பிக்குப் பலமே அந்த நெரிசலால் வந்தது. சூடு காட்டி நெரிசலைத் தீர்த்தால் பலமும் போய்விடும். டி.எம்.டி. கம்பிக்கோ பலம் வேறு வழியில் வருகிறது. நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே, கும்மிடிப்பூண்டியில், கம்பி உருட்டும் ஆலைகள் இருக்கின்றன. டி.எம்.டி. செய்யும் ஆலையில் செக்கச் சிவந்து உருட்டு மில்லை விட்டு வரும் கம்பியின் மேல் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுகிறார்கள். வெளித்தோல் சட்டென்று குளிர்ந்து மார்ட்டன்சைட் ஆகிறது. உள்ளே இருக்கும் சூடு வெளியே வந்து அந்தத் தோலைப் பதப்படுத்துகிறது. வெளியே கடினமான வளையம், உள்ளே இளகிய ஃபெரைட்–பெர்லைட் நடுப்பகுதி. பலாப்பழம் மாதிரி! டார்ச்சால் பழுக்கக் காய்ச்சினால் அந்த வளையத்தின் பதம் கெட்டுவிடும். கம்பி சுலபமாக நிமிரும். பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் எந்தப் பலத்தை நம்பித் தூணுக்குக் கணக்குப் போட்டார்களோ, அந்தப் பலம் அங்கே இருக்காது. ஒடிந்த கம்பியாவது உண்மையைச் சொன்னது. காய்ச்சிய கம்பி பொய் சொல்லிக்கொண்டு கான்கிரீட்டுக்குள் போய்விடும்.

கடைசியில் மாமா ஒரு கட்டிட இன்ஜினியரை அழைத்து வந்தார். அவர் மடங்கிய பகுதிகளை வெட்டச் சொல்லி, துளை போட்டு, ரசாயனப் பசை வைத்துப் புதுக் கம்பி நட்டுக் கொடுத்தார். செலவுதான். "முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா ஒரு பெயிண்ட் டப்பா, ஒரு பழைய பிளாஸ்டிக் பைப்போட முடிஞ்சிருக்கும்" என்று மாமா புலம்பினார். துருப் பிடிக்காமல் பூசி, குத்தாமல் மூடி, நேராகவே விட்டிருந்தால் போதும். அந்த 'யாராவது' யார், தோழர்களே? நாமதானே!

அம்மாவும் காந்தமும்

இன்னும் ஒரு சம்பவம். மலையடிவாரக் கடைத்தெருவில் அம்மா எவர்சில்வர் பாத்திரம் வாங்கப் போனால் கையில் ஒரு சின்ன காந்தம் இருக்கும். 'காந்தம் ஒட்டினால் மட்டம்' என்பது அம்மாவின் தரநிலை. ஒருநாள் வாங்கிய டபராவின் அடியில் ஒட்டவில்லை. விளிம்பில் லேசாக ஒட்டியது. "ரெண்டு தகடை ஒட்டி ஏமாத்திட்டான்" என்று கடைக்கே கிளம்பிவிட்டார்.

ஏமாற்று இல்லை. 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் கலந்த எஃகு தகடாக இருக்கும்போது ஆஸ்டனைட், காந்தம் ஒட்டாது. அச்சில் வைத்து அழுத்திப் பாத்திரமாக இழுக்கும்போது, அடிப்பகுதி அதிகம் நீளுவதில்லை. பக்கச் சுவரும் விளிம்பும்தான் நசுங்கி இழுபடுகின்றன. அங்கே ஆஸ்டனைட்டின் ஒரு பகுதி மார்ட்டன்சைட்டாக மாறிவிடுகிறது. மார்ட்டன்சைட்டில் காந்தம் ஒட்டும். தண்ணீரில் முக்கவில்லை, சூடு காட்டவில்லை. வெறும் அழுத்தத்தால் வந்த மாற்றம்! பாத்திரம் முழுக்க ஒரே மாதிரி பலமாக ஒட்டினால், அது நிக்கல் சேர்க்காத வேறு வகை எஃகாக இருக்கும். அம்மாவின் காந்தம் காட்டியது தரத்தை அல்ல; எங்கே எவ்வளவு அடி விழுந்தது என்ற வரலாற்றை.

1980-களின் தொடக்கத்தில் சேலம் உருக்காலை எவர்சில்வர் தகடு உருட்ட ஆரம்பித்தது. எவர்சில்வர் டம்ளர் இல்லாத வீடு நம் பக்கத்தில் உண்டா? ஆனால் அந்த டம்ளரின் விளிம்பில் ஒரு பாடம் இருக்கிறது என்று நமக்கு யாரும் காட்டவில்லை. நாமும் பார்க்கவில்லை.

என் கட்சி இதுதான்

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். ஆசிரியப் பெருமக்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

மேடை ஏறினால் நாம் எல்லோரும் பழம்பெருமை பேசுகிறோம். கொடுமணலில் அந்தக் காலத்திலேயே இரும்பு உருக்கினோம், நம் நாட்டு உருக்கை 1819-ல் மைக்கேல் ஃபாரடே ஆராய்ந்து கட்டுரை எழுதினார் என்கிறோம். எல்லாம் உண்மை. ஆனால் அந்த உருக்கை வாங்கிப் போன ஐரோப்பியக் கொல்லர்கள் அதிகமாகச் சூடாக்கி அடித்தபோது அது நொறுங்கியது. எந்தச் சிவப்பில் அடிக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று நம் கொல்லருக்குக் கண்ணும் கையும் சொல்லிக் கொடுத்திருந்தன. அவர் இரும்பைத் தொட்டவர். நாம் இரும்பைப் பற்றி எழுதுகிறவர்கள்! நம் பிராக்டிகலில் என்ன நடக்கிறது? லேபிள் ஒட்டிய பெட்டியிலிருந்து, நமக்கு முன்னால் எத்தனையோ செட் பார்த்துத் தேய்ந்த ஒரு சாம்பிள் வருகிறது. மைக்ரோஸ்கோப்பில் ஒரு கண்ணை வைத்து எடுக்கிறோம். படத்தை ரெக்கார்ட் நோட்டில் சீனியரின் நோட்டைப் பார்த்து வரைகிறோம். சிரிக்காதீர்கள், நானும் அப்படித்தான் வரைந்தேன்.

என் ஒடிந்த துண்டை எடுத்துக்கொண்டு லேபுக்குப் போனபோது, லேப் அசிஸ்டெண்ட் அண்ணன் முதலில் முறைத்தார். கதையைச் சொன்னதும் அவரே உட்கார்ந்துவிட்டார். ஹேக்ஸாவில் அறுத்து, எமரி பேப்பரில் ஒவ்வொரு நம்பராகத் தேய்த்து, பாலிஷ் டிஸ்கில் கண்ணாடி மாதிரி ஆக்கி, அவர் கலந்து கொடுத்த நைட்டாலைத் தடவியதும்... மைக்ரோஸ்கோப் தேவைப்படவில்லை! வெறும் கண்ணுக்கே கருப்பு வளையம் பளிச்சென்று தெரிந்தது. மாமா வீட்டுக் கம்பியின் முகத்தை முதல் தடவையாகப் பார்த்தேன். நீளவாக்கில் அறுத்த துண்டில் வளைவுக்கு அருகே மணிகள் நீண்டிருந்தன. வளையாத இடத்தில் இல்லை. ராக்வெல் மெஷினில் வைத்தால், வளைவில் அழுத்திய புள்ளிகள் நேரான பகுதியின் அதே புள்ளிகளைவிடக் கடினமாக இருந்தன. மூன்று வருஷத்தில் நான் படித்ததெல்லாம் அந்த ஒரு மத்தியான வேளையில்தான் எனக்குச் சொந்தமானது.

ஆகவே சங்கத்தின் வழியாக நான் கேட்பது மூன்றே மூன்று.

ஒன்று: ஒவ்வொரு மாணவனும், மாணவியும் தன் ஊரிலிருந்து ஒரு உடைந்த சாமான் கொண்டு வரட்டும். அறுந்த செயின், ஒடிந்த போல்ட், தறியின் உடைந்த உதிரி பாகம், எதுவாக இருந்தாலும் சரி. அதை அவரே அறுத்து, தேய்த்து, பார்த்து, 'இது ஏன் உடைந்தது?' என்று ஒரு பக்கம் எழுதட்டும். ரெக்கார்ட் நோட்டில் காப்பி அடிக்க முடியாத ஒரே பக்கம் அதுவாக இருக்கும்! பெரிய செலவு கிடையாது. பழைய இரும்புக் கடையில் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள்.

இரண்டு: ரீபெண்ட் டெஸ்டில் வெந்நீர் எதற்கு என்பது மாதிரியான 'எதற்கு' கேள்விகளை வைவாவில் கேளுங்கள் என்று ஆசிரியர்களை நாமே கேட்டுக்கொள்வோம். மார்க் குறையும் என்று பயப்படும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை: மார்க் குறைந்தால் மறுபடி எழுதலாம். தூண் விழுந்தால் மறுபடி எழுத முடியாது.

மூன்று: இது நமக்கு நாமே கேட்டுக்கொள்வது. நாளைக்கு நம்மில் பலர் சூப்பர்வைசராக, ஷாப் ஃப்ளோரில் டிரெய்னியாக நிற்கப் போகிறோம். நமக்கு மேலே டிகிரி இன்ஜினியர், கீழே முப்பது வருஷ அனுபவம் உள்ள மேஸ்திரி. நடுவில் இருபது வயதில் நாம். "நிமிர்த்தி அடிப்பா, டயம் ஆகுது" என்று ஒரு குரல் வரும். அப்போது "வேணாம்ணே" என்று சொல்லும் தைரியம் மட்டும் போதாது. ஏன் வேண்டாம் என்று அவருக்குப் புரியும் பாஷையில் சொல்லவும் தெரிய வேண்டும். ஒர்க் ஹார்டனிங் என்றால் அவர் சிரிப்பார். "அண்ணே, கிருத்திகைக் கூட்டம் மாதிரி உள்ள நெரிஞ்சு போய்க் கெடக்குண்ணே, இனிமே இழுத்தா அறுந்துடும்" என்றால் யோசிப்பார்.

நான் சொல்லிப் பார்த்தேன். புதுக் கம்பி நட்ட அன்று அந்த மேஸ்திரியிடம் என் கருப்பு வளையத் துண்டைக் காட்டினேன். கையில் வாங்கி வெகு நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்ளோ நாளா இத வளைச்சிருக்கேன் தம்பி, உள்ள இப்படி இருக்கும்னு யாரும் காட்டல" என்றார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. துண்டைத் தனக்கே கொடுக்கச் சொல்லி சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இப்போது என்னிடம் அந்தச் சாம்பிள் இல்லை. இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது.

அடுத்த தடவை மலை ஏறும்போது ஒரு நிமிஷம் நின்று கீழே பாருங்கள், தோழர்களே. அத்தனை மொட்டை மாடிகளிலும் கம்பிகள் காத்துக்கொண்டிருக்கின்றன. யார் எப்போது எவ்வளவு மடக்கினார்கள் என்பதை வீட்டுக்காரர் மறந்திருப்பார், மேஸ்திரி மறந்திருப்பார். இரும்பு மறக்காது. அதன் ஞாபகத்தைப் படிக்கத் தெரிந்தவர்களாக நாம் இந்தக் காம்பவுண்டை விட்டு வெளியே போவோம்.



மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்